கடற்செலவு தொகுத்த செம்மல்

மக்களின் அறிவு இருவகையால் வளர்கிறது. ஒன்று, புதியது காண்டல். மற்றொன்று, கண்டதைக் காத்தல். புதியது கண்டாரை உலகம் எளிதில் போற்றும்; கண்டதைக் காத்தாரைப் பெரும்பாலும் மறந்துவிடும். ஆயினும், காப்பார் இலராயின் கண்டாரது உழைப்பெல்லாம் ஆற்றிற் கரைத்த புளியாக முடியும். ஐரோப்பியர் கடல் கடந்து தொலைநாடுகளை நாடிச் சென்ற 16-ஆம் நூற்றாண்டில், தாம் நெடுங்கடல் செல்லாமலே கடலோடிகள் பலர்க்கு வழிகாட்டியாய் விளங்கியவர் ஒருவர் உளர். அவர் இங்கிலாந்து நாட்டு ரிச்சர்டு ஹாக்லூட் ஆவர். கடல்வழிச் சென்றோர் எழுதிவைத்த செலவுக் குறிப்புகளையும், மக்கள் மறந்துவிட்ட பழைய பயண நூல்களையும் தேடித் திரட்டி அச்சேற்றுவதையே அவர் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

இளமையும் கல்வியும்

ஹாக்லூட் 1552-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். அவருக்கு மூத்த உறவினர் ஒருவர் இருந்தார். அவர் பெயரும் ரிச்சர்டு ஹாக்லூட் என்பதே. அவர் இலண்டன் மாநகரில் மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தைச் சார்ந்த வழக்கறிஞர். நிலநூலில் பெருவேட்கை உடையவர்.

இளைய ஹாக்லூட் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் பயின்று வந்த காலத்தில், ஒருநாள் அவ்வுறவினரைக் காணச் சென்றார். அங்கே மேசையின்மீது நிலநூல்கள் சிலவும் உலகப்படம் ஒன்றும் விரிந்து கிடந்தன. சிறுவரின் கண்கள் அப்படத்தை விட்டு அகலவில்லை. அவ்வார்வத்தைக் கண்ட உறவினர், கையில் ஒரு கோலை எடுத்து, கடல்களையும் வளைகுடாக்களையும் ஆறுகளையும் நாடுகளையும் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினார். எந்நாட்டில் எப்பொருள் விளைகிறது, எந்நாட்டார்க்கு எப்பொருள் வேண்டப்படுகிறது என்பவற்றையும் விளக்கினார். பின்னர் விவிலிய நூலைத் திறந்து, 107-ஆம் சங்கீதத்தைப் படிக்கச் செய்தார். கப்பலேறி ஆழ்கடலில் தொழில் செய்வோர் இறைவனின் வியத்தகு செயல்களைக் காண்பர் என்னும் கருத்து அதில் அமைந்திருந்தது. அன்று கேட்டதும் கண்டதும் சிறுவரின் உள்ளத்தில் பசுமரத்தாணிபோல் பதிந்தன. பல்கலைக்கழகம் புகும் பேறு வாய்ப்பின், இத்துறையையே நாடிக் கற்பது என அவர் உறுதி பூண்டார்.

அவ்வுறுதியை அவர் மறந்தாரல்லர். 1570-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்டு சர்ச்சுக் கல்லூரியிற் சேர்ந்து, 1574-இல் இளங்கலைப் பட்டமும் 1577-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். விதிக்கப்பட்ட பாடங்களை முதலில் முடித்துவிட்டு, எஞ்சிய நேரத்தையெல்லாம் பயண நூல்களைக் கற்பதிலே செலவிட்டார். கிரேக்கம், இலத்தீன், இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய ஏழு மொழிகளில் கிடைத்த கடற்செலவு நூல்களை அவர் படித்தார். பின்னர்ப் பழைய நிலப்படங்களையும் புதியனவாகத் திருத்திய நிலப்படங்களையும் மாணவர்முன் அருகருகே வைத்து, இன்னின்ன இடத்தில் முன்னோர் பிழைபட்டனர் என்று விளக்கிச் சொற்பொழிவுகள் ஆற்றினார்.

கடலோடிகளின் இடர்

அக்காலத்துக் கடற்பயணம் உயிருக்கு உறுதியற்ற தொழில். துறைமுகத்தை விட்டுச் சென்ற கலங்களுள் மீளாதன பல. எத்திங்களில் எக்காற்று வீசும், எக்கரையில் பாறைகள் மறைந்துள்ளன, எத்தீவில் நன்னீர் கிடைக்கும் என்பவற்றை அறிந்த மீகாமர் சிலரே. அவர்கள் தாம் அறிந்ததை எழுதிவைத்தாரல்லர். எழுதினோரும் அதனைப் பிறர்க்குக் காட்டாது பேழையிற் பூட்டி வைத்தனர். ஆதலின், ஒரு மீகாமன் இறப்பானாயின், பல்லாண்டு கடலில் உழன்று அவன் பெற்ற அறிவும் அவனோடு மறைந்தது. அடுத்துச் சென்றவன் அதே பாறையில் மோதினான். அதே கரையில் நீரின்றி மாண்டான்.

ஸ்பெயின் நாட்டார் செவில் நகரில் மீகாமர்க்குப் பாடம் சொல்லித் தேர்வு நடத்தினர். அத்தகைய கல்வி இலண்டனிலும் அமைதல் வேண்டும் என்று ஹாக்லூட் பெரிதும் முயன்றார். உலகைச் சுற்றிவந்த பிரான்சிஸ் டிரேக், அப்பணிக்கு ஆண்டுதோறும் 20 பவுன் தர முன்வந்தார். ஆனால் தகுதியுடைய ஆசிரியரை அமர்த்த 40 பவுன் வேண்டியிருந்தது. எஞ்சிய பொருளை அளிப்பார் இல்லாமையால் அம்முயற்சி நிறைவேறவில்லை.

ஹாக்லூட் மனம் தளர்ந்தாரல்லர். ஆசிரியரின் குரல் ஓர் அறைக்குள் அடங்கும்; அச்சிட்ட நூலோ ஒவ்வொரு கப்பலிலும் ஏறிச் செல்ல வல்லது. அமெரிக்கக் கரைகளை நாடிச் சென்றோரின் குறிப்புகளைத் திரட்டி, 1582-இல் தம் முதல் தொகுப்பை அவர் வெளியிட்டார். வெனிஸ் நகரத்து அறிஞர் ரமூசியோ, 1550 முதல் 1559 வரையில் மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்ட பயணத் தொகை நூல் இத்துறையில் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது.

பாரிசு நகரில்

1583-இல் பிரெஞ்சு நாட்டிலிருந்த ஆங்கிலத் தூதருக்குச் சமயகுருவாக ஹாக்லூட் பாரிசு நகர் சென்றார். அங்கு அவர் ஐந்தாண்டுகள் வாழ்ந்தார். ஓய்வு நேரங்களில் வணிகரையும் மாலுமிகளையும் நாடு துறந்து வந்தோரையும் கண்டு வினவினார். கையெழுத்துப் படிகளைத் தேடினார். புளோரிடாவில் குடியேற முயன்ற பிரெஞ்சுத் தலைவர் லொதொன்னியேர் எழுதிய வரலாறு, இருபதாண்டுக் காலம் வெளிவராது கிடந்தது. ஹாக்லூட் அதனைக் கண்டெடுத்து, 1586-இல் பாரிசிலேயே பிரெஞ்சு மொழியில் அச்சாகச் செய்தார். மறு ஆண்டு தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

அந்நகரில் அவர் உள்ளத்தைப் புண்படுத்திய செய்தி ஒன்றும் இருந்தது. ஆங்கிலேயர் கடற்செலவில் ஊக்கமற்ற சோம்பர் என்று பிற நாட்டார் இகழ்வதை அவர் பலகாலும் கேட்டார். தம் நாட்டவர் அருஞ்செலவுகள் பல மேற்கொண்டிருந்தும், அவற்றை முறையாக எழுதிக் காட்டுவார் இன்மையே அவ்விகழ்ச்சிக்குக் காரணம் என்பதை உணர்ந்தார். அக்குறையைத் தாமே நீக்க வேண்டும் என்னும் எண்ணத்தோடு 1588-இல் தாயகம் மீண்டார்.

முதியவரும் முழங்கால் மருவும்

தொகுப்புப் பணிக்காக அவர் பட்ட பாடு பெரிது. வணிகர் கழகங்களின் கணக்குகள், அரசு ஆவணங்கள், மாலுமிகளின் குறிப்பேடுகள், செல்வர்களின் நூல் நிலையங்கள் ஆகியவற்றை அவர் துருவி ஆராய்ந்தார். எழுத்தில் இல்லாத செய்தியை நேரிற் சென்று கேட்டறிந்தார்.

1536-இல் ஹோர் என்பவர் தலைமையில் ஏறத்தாழ 120 பேர் நியூபவுண்டுலாந்து நோக்கிக் கப்பலேறினர். அவருள் முப்பதின்மர் உயர்குடியினர். அங்கே உணவு தீர்ந்தது. பசியின் கொடுமையால் பலர் மாண்டனர். மாந்தர் செய்யத் தகாதனவும் அங்கு நிகழ்ந்தன. இறுதியில் அவ்வழி வந்த பிரெஞ்சுக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றி எஞ்சியோர் ஊர் திரும்பினர். உணவும் கலமும் இழந்த பிரெஞ்சுக்காரர் முறையிட்டபோது, தம் குடிகள் பசியால் செய்த பிழை என்பதை உணர்ந்த எட்டாம் ஹென்றி மன்னர், அவரை ஒறுக்காது, தம் கருவூலத்திலிருந்தே இழப்பை ஈடு செய்தார்.

இந்நிகழ்ச்சி நடந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. சென்றவருள் தாமஸ் பட்ஸ் என்னும் ஒருவரே அப்பொழுது உயிரோடிருந்தார். அவர் இறப்பின் அவ்வரலாறும் இறக்கும் என்று அஞ்சிய ஹாக்லூட், அவர் வாய்ச்சொல்லைக் கேட்பதற்காகவே 200 மைல் குதிரையேறிச் சென்றார். முதியவர் நடந்ததை எல்லாம் கூறினார். பசியும் துயரும் அவர் உருவை அந்நாளில் அத்துணை மாற்றியிருந்தனவாம். வீடு திரும்பியபோது பெற்ற தந்தையும் தாயுமே அவரை அறிந்திலர். முழங்காலில் இருந்த ஒரு மருவைக் கண்ட பின்னரே தம் மகன் எனத் தெளிந்தனர். ஹாக்லூட் அன்று சென்றிராவிடின், அவ்வரலாற்றை நாம் இங்ஙனம் அறிதல் இயலாது.

பெருந்தொகை நூல்

1589-இல் ஆங்கிலேயரின் தலைமையான கடற்செலவுகளைத் தொகுத்துக் கூறும் பெருநூல் ஒரே தொகுதியாக வெளிவந்தது. டிரேக்கின் உலகச் செலவைப் பற்றிய பகுதியை அதில் சேர்க்கவில்லை என்று முன்னுரையில் ஹாக்லூட் குறித்திருந்தார். ஆயினும், பின்னர் எண்ணிடப்படாத ஆறு தாள்களில் அதனை அச்சிட்டு, 643-ஆம் பக்கத்தை அடுத்துச் சேர்த்தனர். அத்தாள்கள் அமைந்த படிகளைப் பழநூல் சேகரிப்போர் இன்றும் அருமையாகப் போற்றுகின்றனர்.

ஒரு நூல் வெளிவந்ததோடு அவர் ஓய்ந்தாரல்லர். மேலும் ஒன்பது ஆண்டுகள் உழைத்து, 1598 முதல் 1600 வரையில் மூன்று தொகுதிகளாக அந்நூலை விரித்து வெளியிட்டார். அது 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட பெருங்கடல். முதல் தொகுதி வடதிசைச் செலவுகளையும், இரண்டாவது தெற்கும் தென்கிழக்கும் நோக்கிய செலவுகளையும், மூன்றாவது அமெரிக்கச் செலவுகளையும் கூறுகின்றன. 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் பேரரசரின் அவைக்குச் சென்ற உரூபுரூக்கு வில்லியம் என்னும் துறவியின் குறிப்பும் அதில் இடம்பெற்றது. அதன் கையெழுத்துப் படியை லம்லி பிரபுவின் நூல் நிலையத்திலிருந்து பெற்று, இலத்தீன் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஹாக்லூட் அச்சிட்டார்.

தொகுப்பதில் எத்துணை ஆர்வம் அவருக்கு இருந்ததோ, அத்துணை ஆர்வம் மெய்ம்மையைத் தெளிவதிலும் இருந்தது. ஒவ்வொரு செய்தியையும் அதற்கு உரியவரின் பெயரோடும், இயன்றவரை அவர்தம் சொற்களிலுமே வெளியிட்டார். சென்றவர் ஒருவர், சொல்பவர் ஒருவர் என்னும் மயக்கத்திற்கு அவர் இடம் தரவில்லை. ஒற்றைக்கால் மனிதரையும் தலையில்லா மாந்தரையும் பற்றிக் கதைக்கும் மாண்டவில்லின் பயண நூலை முதற் பதிப்பில் சேர்த்திருந்தார். இரண்டாம் பதிப்பில் அதனை நீக்கிவிட்டார். அமெரிக்காவில் நெடுந்தொலைவு நடந்ததாகக் கூறிய டேவிட் இங்கிராம் என்பவரின் நம்பற்கரிய கதைக்கும் அக்கதியே நேர்ந்தது. பெருநூலின் சில படிகளோடு எட்வர்டு ரைட்டு வகுத்த உலகப்படம் ஒன்றும் உண்டு. அதில், அறியப்படாத நிலப்பகுதிகள் கற்பனையால் நிரப்பப்படாமல் வெறுமையாகவே விடப்பட்டுள்ளன. அறிந்ததை அறிந்தவாறு கூறி, அறியாததை அறியாததாகவே விடுத்தல் அறிவுடைமையின் அடையாளம் அன்றோ?

தென்னகத்துச் செய்திகள்

ஹாக்லூட்டின் தொகுப்பில் நம் நாட்டைப் பற்றிய செய்திகளும் உள. கோவாவில் வாழ்ந்த தாமஸ் ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலத் துறவி 1579-இல் தம் தந்தைக்கு எழுதிய மடல் அதில் அச்சாயிற்று. ரால்ப் பிட்ச் என்னும் வணிகரும் தோழரும் 1583-இல் புறப்பட்டு, ஓர்முசில் சிறைப்பட்டுக் கோவாவிற்குக் கொணரப்பட்டபோது, அவர்கள் விடுதலை பெறத் துணை நின்றவர் அத்துறவியே. அக்பர் பேரரசின் நகரங்களையும் வங்கத்தையும் பெகுவையும் மலாக்காவையும் கண்டு, 1591-இல் பிட்ச் இலண்டன் மீண்டார். அவர் வரலாற்றையும் ஹாக்லூட் தம் இரண்டாம் தொகுதியில் சேர்த்தார்.

வெனிசு நகரத்து வணிகர் சேசரே பெதரீச்சி 1563 முதல் 18 ஆண்டுகள் கீழ்நாடுகளில் உலவியவர். 1565-இல் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின், 1567-இல் விசயநகரத்தில் ஏழு திங்கள் தங்கியவர். அவர் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இத்தொகுப்பில் உண்டு. குமரிமுனையை அடுத்த கடலில் முத்துக்குளிப்போர் மூக்கையும் காதையும் அடைத்து, கூடையோடும் கல் கட்டிய கயிற்றின் துணையோடும் ஆழத்திற்கு இறங்குவதை அவர் விரித்துரைக்கிறார். நாகப்பட்டினத்தையும் அவர் குறிப்பிடுகிறார். சாந்தோம் கரையில் அலைகள் வன்மையாக மோதுவதால், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகுகளில் மக்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய திறத்தைக் கண்டு வியக்கிறார். பரதவர் பெருமக்களின் கைத்திறனுக்கு அயலார் ஒருவர் தந்த சான்று, ஹாக்லூட்டின் நூலில் இவ்வாறு நிலைபெற்றது.

1592-இல் இந்தியாவிலிருந்து போர்த்துகல் நோக்கிச் சென்ற பெருங்கப்பல் ஒன்றை ஆங்கிலேயர் வழியிற் கைப்பற்றினர். அதில் மணமிக்க தேவதாருப் பெட்டி ஒன்று இருந்தது. அதனுள், கள்ளிக்கோட்டை மெல்லாடையால் ஏறத்தாழ நூறு மடிப்புச் சுற்றப்பட்ட பொருள் ஒன்று காணப்பட்டது. மணியோ பொன்னோ என்று கருதுமாறு பொதியப்பட்டிருந்த அப்பொருள், 1590-இல் மக்காவில் அச்சிடப்பட்ட ஓர் இலத்தீன் நூல்! சீன நாட்டைப் பற்றிய அரிய செய்திகள் அதில் இருந்தன. கப்பலில் இருந்த மிளகும் மணியும் பலர் கைக்குப் போயின. நூலின் சீனப் பகுதி ஹாக்லூட்டின் தொகுப்பில் ஆங்கிலமாக வெளிவந்து எல்லார்க்கும் பொதுவாயிற்று.

நூலின் பயன்

கிழக்கிந்தியக் கும்பினி 1600-ஆம் ஆண்டின் இறுதி நாளில் தோன்றியது. மறு ஆண்டே அதன் தலைவர்கள் ஹாக்லூட்டின் அறிவுரையைப் பெற்று, அவருக்கு 10 பவுனும், மூன்று நிலப்படங்களுக்காக 30 சில்லிங்கும் அளித்தனர்.

1607-இல் கும்பினியின் கப்பல்கள் வில்லியம் கீலிங்கின் தலைமையில் புறப்பட்டன. எதிர்க்காற்றாலும் நோயாலும் அட்லாண்டிக்குக் கடலிலேயே அவை தளர்ந்தன. தாயகம் திரும்புவதே வழி என்னும் நிலை ஏற்பட்டது. அப்பொழுது கீலிங் ஹாக்லூட்டின் நூலை எடுத்துப் பார்த்தார். ஆப்பிரிக்கக் கரையில் உள்ள சியரா லியோனில் நன்னீரும் உணவும் பெறலாம் என்பது அதனால் தெரிந்தது. கப்பல்கள் அங்குச் சென்று இளைப்பாறித் தம் வழியைத் தொடர்ந்தன. இதனால் கும்பினிக்கு 20,000 பவுன் இழப்பு நீங்கியதாக, ஹாக்லூட்டின் பணியைத் தொடர்ந்த சாமுவேல் பர்ச்சஸ் எழுதியுள்ளார். பொருளினும் பெரிது உயிர். முன்னர்ச் சென்ற மாலுமிகள் கண்டதை ஒருவர் எழுத்திற் காத்தமையால், பின்னர்ச் சென்ற மாலுமிகள் பிழைத்தனர்.

நன்மையும் தீமையும்

ஹாக்லூட்டின் பணியில் நிழலும் உண்டு. அதனையும் கூறுதலே நடுவுநிலைமை. ஆங்கிலேயர் அமெரிக்காவில் குடியேற வேண்டும் என்று 1584-இல் எலிசபெத்து அரசிக்கு விரிவான விண்ணப்பம் எழுதியவர் அவர். அந்நிலங்களில் வழிவழியாக வாழ்ந்த மக்களின் உரிமையை அவர் தக்கவாறு எண்ணினாரல்லர். குடியேற்றத்தால் அம்மக்கள் நிலமும் உயிரும் இழந்தனர். அவர் அறிவுரை பெற்ற கும்பினியே 1639-இல் சென்னையில் இடம் பெற்று, பிற்காலத்தில் நம் நாட்டை ஆளும் நிலையை எய்தியது. வழி காட்டும் விளக்கு, செல்பவன் நோக்கம் நல்லதோ தீயதோ என வினவுவதில்லை. ஆனால் விளக்கை ஏந்துவோர் அதனை எண்ணியே ஆகவேண்டும்.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. ஜான் ஹாக்கின்ஸ் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற கொடுஞ்செலவுகளும் ஹாக்லூட்டின் நூலில் உள்ளவாறே அச்சாகியுள்ளன. அவற்றை அன்று பெருமையாக எண்ணிப் படித்தோர் உண்டு. இன்றோ அவ்வெழுத்துகளே அக்கொடுமைக்குச் சான்றாய் நின்று வரலாற்று மன்றத்தில் உண்மை உரைக்கின்றன.

இறுதிக் காலம்

ஹாக்லூட் 1590 முதல் சபோக்குப் பகுதியில் வெதரிங்செட்டு என்னும் சிற்றூரின் சமயகுருவாகவும், பின்னர் வெஸ்ட்மின்ஸ்டர் திருச்சபையிலும் பணியாற்றினார். இந்தியாவையும் அமெரிக்காவையும் பற்றி அத்துணை எழுதியவர், பிரெஞ்சு நாட்டிற்கு அப்பாற் சென்றாரல்லர். 1616 நவம்பர் 23-ஆம் நாள் அவர் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் அச்சிடாது விட்டுச் சென்ற கையெழுத்துப் படிகள் பர்ச்சசின் கைக்கு வந்தன. அவர் அவற்றுட் பலவற்றைச் சுருக்கி, 1625-இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். சுருக்கப்பட்ட மூலங்களுட் பல இன்று கிடைத்தில. அச்சேறியது வாழ்ந்தது, அச்சேறாதது அழிந்தது. தம் வாழ்நாள் முழுதும் ஹாக்லூட் அஞ்சியது எதுவோ, அது அவர்தம் ஏடுகளுக்கே நேர்ந்தது.

1846-இல் இலண்டனில் அவர் பெயரால் ஹாக்லூட் கழகம் நிறுவப்பெற்றது. அது பழைய பயண நூல்களை ஆராய்ந்து பதிப்பித்து வருகிறது. சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய துவார்த்தே பர்போசா, தோமே பீரிசு ஆகிய போர்த்துகீசியரின் நூல்களும் அதன் வெளியீடுகளுள் அடங்கும்.

புதுநிலம் கண்டவர் பலர்க்கு நகரங்களிற் சிலைகள் உண்டு. ஹாக்லூட்டிற்கு அவர் தொகுத்த நூலே சிலை. ஒரு முதியவரின் நினைவைக் காக்க 200 மைல் சென்ற அவர் வாழ்க்கை நமக்குக் காட்டும் நெறி ஒன்றே. நம் ஊரிலும் இல்லத்திலும், எழுத்தில் ஏறாத அறிவை உடைய முதியோர் பலர் உளர். அவர் அறிந்தவற்றைக் கேட்டு, மெய்யெது பொய்யெது எனத் தெளிந்து, எழுதிவைத்தல் இளையோர் கடன். அதற்கு 200 மைல் செல்ல வேண்டுவதில்லை. காலந்தாழ்த்தாது செல்லுதல் ஒன்றே வேண்டும்.